அரிசி டப்பாவில் வைத்தும் திராட்சை ஏன் இனிக்கவில்லை?

பின்னால் வந்து படிப்பவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரின் தேக்காவில் ஒரு கிலோ பச்சைத் திராட்சை வாங்கியிருக்கிறீர்கள், வாயில் வைக்க முடியாத புளிப்பு. மாங்காயைப் பழுக்க வைக்கிற மாதிரி அரிசி டப்பாவுக்குள் நாலு நாள் வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். கூடவே வைத்த மாங்காய் கமகமவென்று பழுத்துவிட்டது, திராட்சையோ காம்பு காய்ந்ததைத் தவிர அப்படியே இருந்தது. உயர்நிலை நான்கில் படிக்கும் மகளிடம் சொன்னதற்கு, "அது வாக்குவோல் விஷயம்மா" என்றாளாம். ஆனால் அவள் புத்தகத்தில் வாக்குவோல் என்பது செல்லுக்குள் தண்ணீரும் கரைந்த பொருள்களும் இருக்கும் பை என்று ஒரே வரிதான் இருக்கிறது, அந்தப் பைக்கும் பழுப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்கள். கேள்வியை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். உங்கள் மனதில் உண்மையில் இருப்பது இதுதான் என்று நினைக்கிறேன்: காயின் புளிப்புதானே பழத்தில் இனிப்பாக மாறவேண்டும், இதில் மட்டும் ஏன் மாறவில்லை? அதற்குப் பதில் சொல்லப் போனால் வாக்குவோலைத் தொடாமல் சொல்லவே முடியாது, மகள் சொன்னது சரிதான்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் தாவரவியல் முதுகலை படித்தேன், படிப்பில் எனக்குப் பிடித்த பகுதியே செல் சவ்வுகள்தான். சிங்கப்பூர் வந்து பதினெட்டு வருடமாகப் பழ இறக்குமதியில் தரம் பார்க்கும் வேலை. பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்தில் விடியற்காலையில் பெட்டியைப் பிரித்து, கொத்தின் நுனியிலிருந்து ஒரு பழம், தோள்பட்டையிலிருந்து ஒரு பழம் என்று கிள்ளி, சாற்றில் ஒரு சொட்டு ரிஃப்ராக்டோமீட்டரில் விட்டுச் சர்க்கரை அளவைப் பார்ப்பேன். அந்த வகையில் ஆஸ்திரேலியா, சிலி, பெரு, தென்னாப்பிரிக்கா, நாசிக் என்று பல ஊர்த் திராட்சை என் கையில் நசுங்கியிருக்கிறது. ஆனால் திராட்சைத் தோட்டம் வைத்து வளர்த்தவள் இல்லை, ஒயின் தயாரிப்பும் எனக்குப் படிப்பறிவு மட்டும்தான். அந்தப் பக்கம் அனுபவம் உள்ளவர்கள் திருத்தினால் ஏற்றுக்கொள்கிறேன்.

முதலில் ஒரு திராட்சையை எடுத்து, நகத்தால் தோலை உரித்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சதை கண்ணாடி மாதிரி இருக்கும். அதற்குள் வெளிறிய நூல் நூலாகச் சில கோடுகள் காம்புப் பக்கமிருந்து கீழே இறங்கும். அந்தக் கோடுகள்தான் செடியிலிருந்து வரும் குழாய்கள், அதாவது தண்ணீர் கொண்டுவரும் சைலமும் சர்க்கரை கொண்டுவரும் ஃபுளோயமும். மிச்சமுள்ள கண்ணாடிச் சதை முழுக்க செல்கள், அந்த ஒவ்வொரு செல்லின் கொள்ளளவிலும் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் ஒரே ஒரு வாக்குவோல்தான். செல்லின் உயிருள்ள பகுதி, அதாவது உட்கருவும் சைட்டோபிளாசமும், அந்தப் பெரிய பைக்கும் செல் சுவருக்கும் நடுவில் ஒரு மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஆகவே திராட்சையைக் கடித்ததும் வாயில் பீறிடுகிறதே ஒரு சாறு, அது கிட்டத்தட்ட முழுவதும் வாக்குவோல் சாறு. இதை மகளிடம் சொல்லுங்கள், பரீட்சை முடிந்த பிறகும் மறக்கமாட்டாள். புளிப்பும் இனிப்பும் சிவப்புத் திராட்சையின் நிறமும் தோலின் துவர்ப்பும் எல்லாம் குடியிருப்பது அந்த ஒரே இடத்தில்.

வாக்குவோல் என்ற பெயரே லத்தீனில் "வெறுமை" என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. பழைய நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்கு அங்கே ஒன்றும் இல்லாத மாதிரி தெரிந்ததால் அப்படிப் பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர் இன்றுவரை ஒரு தவறான எண்ணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது, ஏதோ சும்மா கிடக்கும் தண்ணீர்த் தொட்டி என்று. 1885-இல் டச்சுத் தாவரவியலாளர் ஹியூகோ டி வ்ரீஸ், பையைச் சுற்றியிருக்கும் சவ்வுக்கு டோனோபிளாஸ்ட் என்று தனியாக ஒரு பெயர் கொடுத்தார். செல்லை விறைப்பாக வைத்திருப்பது அதுதான் என்ற எண்ணத்தில் வைத்த பெயர். உங்கள் கேள்விக்கு முக்கியமே அந்தச் சவ்வுதான். எதை உள்ளே விடுவது, எதை வெளியே அனுப்புவது, எவ்வளவு வேகத்தில் என்பதையெல்லாம் அதில் பதிந்திருக்கும் புரதங்கள்தான் பார்த்துக்கொள்கின்றன. திராட்சை பழுக்கிறது என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அந்தச் சவ்வு செய்யும் வேலை.

அந்தச் சவ்வு எவ்வளவு பாடுபடுகிறது என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். செல்லின் உயிருள்ள பகுதியில் பிஎச் கிட்டத்தட்ட 7. வாக்குவோலுக்குள் காய்ப் பருவத்தில் 2.5-ஐ ஒட்டி, பழுத்த பிறகு 3.5 வாக்கில். பிஎச் ஓர் எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும் என்று மகளுக்குத் தெரிந்திருக்கும். 7-க்கும் 3-க்கும் நடுவில் நான்கு எண், அதாவது பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். அவ்வளவு புளித்த சாறு கொஞ்சம் கசிந்தாலும் செல்லின் நொதிகள் வேலை செய்யாது, செல் செத்துவிடும். அதனால் சவ்வில் இருக்கும் இரண்டு வகைப் பம்புகள் இரவு பகலாக, புளிப்புக்குக் காரணமான புரோட்டான்களை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. ஒன்று செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து ஓடும். இன்னொன்று பைரோபாஸ்பேட் என்ற பொருளில் ஓடும், அது செல்லின் மற்ற வேலைகளில் உபரியாகக் கிடைப்பது, கழிவைக் கொண்டு மோட்டார் ஓட்டுகிற மாதிரி. இந்தப் புரோட்டான் அழுத்தத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சர்க்கரையை உள்ளே கொண்டுவருவதே இதை வைத்துத்தான்.

இப்போது காய்ப் பருவத்துக்கு வருவோம். பூ பூத்து முதல் சில வாரங்களில் செல்கள் பிரிந்து பெருகும், அதற்குப் பிறகு பழம் பருப்பது எல்லாம் வாக்குவோல்கள் தண்ணீர் குடித்து ஊதுவதால்தான். இந்தக் கட்டத்தில் வாக்குவோலுக்குள் சேர்வது இரண்டு அமிலங்கள், மாலிக் அமிலமும் டார்டாரிக் அமிலமும். இரண்டும் உங்கள் நாக்குக்கு ஏற்கெனவே பழக்கம். பச்சை ஆப்பிளின் புளிப்பு பெரும்பாலும் மாலிக், நம் ரசத்துக்குக் கரைக்கும் புளியின் புளிப்பு பெரும்பாலும் டார்டாரிக். ஆப்பிளையும் புளியையும் சேர்த்த புளிப்புதான் காய் திராட்சை என்று வைத்துக்கொள்ளலாம். இதில் டார்டாரிக் அமிலத்தின் பிறப்பு எனக்கு எப்போதுமே வியப்பாக இருக்கும். அது வைட்டமின் சி உடைவதிலிருந்து உண்டாகிறது, அந்த வழியில் ஒரு முக்கியமான நொதியை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2006-இல்தான் கண்டுபிடித்தார்கள். பழங்களில் டார்டாரிக் அமிலத்தை இவ்வளவு சேர்த்துவைப்பவை அபூர்வம், திராட்சையும் புளியும் அந்த அபூர்வத்தில் சேர்த்தி.

அப்புறம் கொஞ்ச நாள் காய் வளராமல் அப்படியே நிற்கும், உள்ளே விதை கெட்டிப்படும் நேரம் அது. பிறகு சட்டென்று ஒரு மாற்றம். பிரெஞ்சுக்காரர்கள் இதை வெரேசான் என்கிறார்கள், உலகம் முழுக்கத் தோட்டக்காரர்களும் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். நேற்றுவரை கோலிக்குண்டு மாதிரி கெட்டியாக இருந்த காய் ஓரிரு நாளில் விரலுக்கு மெத்தென்று அமுங்கும், கறுப்பு வகையாக இருந்தால் தோலில் நிறம் ஏறத் தொடங்கும். ஒரே கொத்தில் பக்கத்துப் பக்கத்துக் காய்கள்கூட வேறு வேறு நாளில் இந்தக் கட்டத்துக்கு வருவதால்தான் பச்சையும் ஊதாவும் கலந்த கொத்துகளைத் தோட்டப் படங்களில் பார்க்கிறோம். இந்த மாற்றத்தைத் தொடங்கி வைப்பதில் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோனுக்குப் பெரிய பங்கு உண்டு. மாம்பழத்தில் பழுக்க வைக்கும் வாயுவான எத்திலீன் வகிக்கும் தலைமை இடம் திராட்சையில் எத்திலீனுக்கு இல்லை. நீங்கள் வைத்த அரிசி டப்பா என்ன செய்தது என்பதற்கு இது பாதிப் பதில், மீதியைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன்.

வெரேசானுக்குப் பிறகு சர்க்கரை வந்து கொட்டும். இலைகள் வெயிலில் செய்த சர்க்கரை சுக்ரோஸாக, நம் வீட்டுச் சர்க்கரையேதான், ஃபுளோயம் குழாய் வழியாகக் காம்பைத் தாண்டி வருகிறது. காயாக இருந்தவரை அது செல்லுக்குச் செல் இருக்கும் சின்னத் துளைகள் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. வெரேசானில் அந்த வழி பெருமளவு அடைபட்டு, சர்க்கரை செல்களுக்கு வெளியே இருக்கும் இடைவெளியில் இறக்கப்பட்டு, அங்கிருந்து செல்களுக்குள் ஏற்றப்படுகிறது. துறைமுகத்தில் சரக்கை முதலில் கரையில் இறக்கி, பிறகு லாரியில் ஏற்றுகிற மாதிரி. இந்தப் பயணத்தில் இன்வர்டேஸ் என்ற நொதி சுக்ரோஸை இரண்டாக வெட்டிக் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஆக்கிவிடும், அதனால்தான் பழுத்த திராட்சையில் இவை இரண்டும் கிட்டத்தட்டச் சம அளவில் இருக்கின்றன. கடைசிக் கட்டம் வாக்குவோலுக்குள் நுழைவது. உள்ளே ஏற்கெனவே சர்க்கரை நிறைய இருக்கும்போது இன்னும் கொஞ்சம் தள்ளுவதற்குச் சக்தி வேண்டும் அல்லவா, அங்கேதான் முன்பு சொன்ன புரோட்டான் அழுத்தம் உதவுகிறது. ஒரு புரோட்டானை வெளியே விட்டு அதற்குப் பதிலாக ஒரு சர்க்கரை மூலக்கூறை உள்ளே இழுக்கும் கடத்திப் புரதங்கள் டோனோபிளாஸ்டில் இருக்கின்றன. யோசித்துப் பாருங்கள், காய்ப் பருவத்தில் சேர்த்துவைத்த புளிப்புதான் பழப் பருவத்தில் இனிப்பை உள்ளே இழுத்துவரும் விசையாகிறது.

ஆனால் புளிப்பே இனிப்பாக மாறுவதில்லை. இந்த எண்ணம் நம்மிடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது, பள்ளியில் என் ஆசிரியரும் அப்படித்தான் சொல்லித்தந்தார். கணக்குப் போட்டுப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். கெட்டிக் காயின் சாற்றில் மாலிக் அமிலம் மிஞ்சிப்போனால் லிட்டருக்கு இருபது, இருபத்தைந்து கிராம் இருக்கும். பழுத்த திராட்சைச் சாற்றில் சர்க்கரை லிட்டருக்கு 160 முதல் 200 கிராம், அதிலும் இதற்கிடையில் பழத்தின் பருமன் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருக்கும். அந்த மாலிக் அமிலம் முழுவதையும் சர்க்கரையாக்கினாலும் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. கொஞ்சம் அப்படி மாறுவது உண்மைதான். ஆனால் பெரும்பகுதி வாக்குவோலிலிருந்து வெளியே வந்து, செல்லின் அன்றாடச் செலவுக்கு எரிபொருளாக எரிந்துபோகிறது. சர்க்கரையெல்லாம் வாக்குவோலுக்குள் பூட்டப்பட்டுவிட்டதால் செல்லுக்கு வேறு எரிபொருள் தேவைப்படுகிறது என்று ஒரு விளக்கம் சொல்வார்கள், கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் காரணம் அதுதானா என்பதில் ஆய்வாளர்களிடம் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. டார்டாரிக் அமிலமோ அசைவதே இல்லை. ஒரு பழத்தில் இருக்கும் அதன் மொத்த அளவு ஏறக்குறைய அப்படியே இருக்கும், பழம் பருத்து நீர்த்துப்போவதால்தான் நாக்கில் குறைவாகத் தெரிகிறது. ஆக, ஆப்பிள் புளிப்பு எரிந்துவிடும், புளியின் புளிப்பு தங்கிவிடும், சர்க்கரை வெளியிலிருந்து வந்து சேரும். மூன்றும் தனித்தனிக் கணக்கு.

சரி, இப்போது அரிசி டப்பா. மாங்காயும் வாழைக்காயும் செடியில் இருக்கும்போதே சதைக்குள் மாவுச்சத்தைச் சேர்த்துவைத்துக்கொள்கின்றன, பச்சை வாழைக்காயில் ஐந்தில் ஒரு பங்கு மாவுச்சத்தாகவே இருக்கும், அதனால்தான் அதை வறுவல் போட முடிகிறது. பறித்த பிறகு பழத்திலிருந்து வெளியேறும் எத்திலீன் வாயுவை டப்பா வெளியே விடாமல் பிடித்துவைக்கும், அந்த வாயு மாவை உடைத்துச் சர்க்கரையாக்கும் நொதிகளைத் தூண்டிவிடும். சரக்கு முதலிலேயே உள்ளே இருந்ததால் டப்பா வேலை செய்தது. திராட்சைச் சதையில் சொல்லும்படியான மாவுச்சத்து கிடையாது. அதன் சர்க்கரை அன்றன்றைக்கு இலையிலிருந்து வந்தாகவேண்டும், கத்தரி வைத்துக் காம்பை வெட்டிய நொடியில் அந்த வரவு நின்றுவிடுகிறது. பம்புகளும் கடத்திகளும் செல்லுக்குள் அப்போதும் நன்றாகத்தான் இருக்கின்றன, உள்ளே இழுப்பதற்குத்தான் ஒன்றும் இல்லை. இது சந்தேகமில்லாத விஷயம். பறித்த திராட்சையில் சர்க்கரை ஏறாது, டப்பாவிலும் ஏறாது, ஃபிரிட்ஜிலும் ஏறாது. நாலு நாள் கழித்துக் கொஞ்சம் புளிப்பு குறைந்த மாதிரி தெரிந்தால் அதற்குக் காரணம் மாலிக் அமிலம் மெல்ல எரிவதுதான்.

இங்கே என் வேலையில் பார்த்த ஒன்றைச் சொல்லவேண்டும். ஒரு தடவை இரண்டு ஊர்களிலிருந்து ஒரே வகைப் பச்சைத் திராட்சை ஒரே காலையில் வந்தது. ரிஃப்ராக்டோமீட்டரில் இரண்டும் 17 பிரிக்ஸ், அதாவது நூறு கிராம் சாற்றில் கரைந்திருப்பது சுமார் பதினேழு கிராம், பெரும்பாலும் சர்க்கரை. ஒன்று தேனாக இனித்தது, இன்னொன்று பல் கூசியது. கூட இருந்த இளைஞர் கருவிதான் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். கருவியில் குறை இல்லை, அது சர்க்கரையைச் சொல்லும், வாக்குவோலில் மிஞ்சியிருக்கும் அமிலத்தைச் சொல்லாது. குளிர்ந்த இடத்தில் விளைந்த பழத்தில் மாலிக் அமிலம் மெதுவாக எரிவதால் அதிகம் மிஞ்சும், வெயில் தேசத்துப் பழத்தில் வேகமாக எரிந்துவிடும். அன்றிலிருந்து நான் எண்ணைப் பார்த்தாலும் வாயில் போட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை.

உறுதியாகச் சொல்லக்கூடியதையும் இன்னும் விவாதத்தில் இருப்பதையும் பிரித்துவிடுகிறேன். வெரேசானில் காய் மெத்தென்று ஆவது செல் சுவர் கரைவதால் என்றுதான் நீண்ட காலம் எல்லோரும் நம்பினார்கள், நானும் அப்படித்தான் படித்தேன். பிறகு கலிபோர்னியாவின் டேவிஸில் இருக்கும் ஆய்வாளர்கள் ஊசி முனையளவு கருவியால் தனித்தனிச் செல்லுக்குள் இருக்கும் அழுத்தத்தையே அளந்தார்கள். மெத்தென்று ஆகும்போது அந்த விறைப்பழுத்தம் வெகுவாக விழுந்திருந்தது. காற்று இறங்கிய பந்து மாதிரி. சர்க்கரை சேரச் சேர வாக்குவோல் தண்ணீரை இழுத்து இன்னும் விறைக்கத்தானே வேண்டும், ஏன் தளர்கிறது? செல்லுக்கு வெளியே இருக்கும் இடைவெளியிலும் சர்க்கரை சேர்ந்துவிடுவதால் இரு பக்கமும் இழுப்பு சமமாகி, அழுத்தம் ஏறாமல் இருக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். அழுத்தம் விழுவது அளந்து பார்த்த உண்மை, காரணம் குறித்த அந்த விளக்கம் எனக்கு நியாயமாகப் படுகிறது, ஆனாலும் செல் சுவர் மாற்றத்துக்கு எவ்வளவு பங்கு, இதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதில் இன்னும் விவாதம் உண்டு. இதே மாதிரி, பழுக்கும் காலத்தில் சைலம் குழாய்கள் அறுந்துவிடுகின்றன என்று முன்பு புத்தகங்களில் எழுதினார்கள், குழாய்கள் அறுவதில்லை, ஓட்டம்தான் குறைகிறது என்று பின்னால் வந்த சோதனைகள் காட்டின. பழைய புத்தகம் வைத்திருப்பவர்கள் இந்த இரண்டு இடங்களிலும் திருத்திக்கொள்ளலாம்.

நிறத்துக்கு வருகிறேன், மகள் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடியது இதுதான். கறுப்புத் திராட்சையின் நிறம் ஆந்தோசயனின், அது பெரும்பாலான வகைகளில் தோலின் செல்களில் மட்டும், அங்கேயும் வாக்குவோலுக்குள் மட்டும் இருக்கும். வாக்குவோலுக்கு வெளியே தயாராகி, சவ்வைத் தாண்டி உள்ளே கொண்டுபோகப்படுகிறது. அந்தக் கடத்தலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள், எந்த வழிக்கு எவ்வளவு பங்கு என்பது இன்னும் தீர்ந்த விஷயம் இல்லை. சோதனை இதுதான். கறுப்புத் திராட்சையில் பத்துப் பழத்தின் தோலை உரித்து, கிழிந்த ஓரங்களைக் குழாய்த் தண்ணீரில் அலசிவிட்டு, பாதியைக் குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். மறு பாதியை இரவு முழுக்க ஃபிரீசரில் வைத்து எடுத்து, அதே அளவு தண்ணீரில் போடுங்கள். முதல் கிண்ணத்தில் நிறம் மெல்லத்தான் இறங்கும், இரண்டாவது கொஞ்ச நேரத்தில் ஊதா ஆகிவிடும். பனிக்கட்டி ஊசிகள் டோனோபிளாஸ்டைக் கிழித்துவிட்டதுதான் காரணம், அதுவரை நிறத்தைப் பூட்டி வைத்திருந்தது அந்தச் சவ்வு. அப்புறம் அந்த ஊதாத் தண்ணீரை இரண்டு கண்ணாடி டம்ளர்களில் பிரித்து, ஒன்றில் எலுமிச்சைச் சாறு, மற்றதில் ஒரு சிட்டிகை சமையல் சோடா. எலுமிச்சை விட்டது பளிச்சென்று சிவக்கும், சோடா போட்டது நீலமோ பச்சையோ கலந்து மங்கும். வாக்குவோலின் பிஎச் ஏறி இறங்குவது நிறத்தையும் தொடுகிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி சமையலறையில் கிடைக்காது.

நிறத்தைப் பற்றிப் பேசும்போது இங்கே தாழ்வாரத்தில் திராட்சைக் கொடி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்குகளிலும் சமூகத் தோட்டங்களிலும் சிலர் அருமையாகக் கொடி ஏற்றியிருக்கிறார்கள், காய்க்கவும் செய்கிறது, ஆனால் கறுப்பு வகை செங்கல் நிறத்தோடு நின்றுவிடுகிறது என்று வருத்தப்படுவார்கள். அது அவர்கள் பராமரிப்பில் குறை இல்லை. இரவிலும் வெப்பம் இறங்காத ஊரில் ஆந்தோசயனின் குறைவாக உண்டாகும். நம் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை வருடம் முழுக்க விளைகிறது, 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது, ஆனால் அது மலைகள் சூழ்ந்த இடம், சிங்கப்பூர்த் தாழ்வாரம் வேறு. இங்கே வளர்ப்பவர்கள் பச்சை வகையைத் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றம் குறையும், சர்க்கரை வருவதற்கு இலையும் வெயிலும் இருந்தால் போதும். காய்க்கும் காலத்தில் அழகுக்காக இலைகளைக் கிள்ளி எறிந்துவிடாதீர்கள், சர்க்கரை அங்கிருந்துதான் வரவேண்டும்.

இன்னொன்று, ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் செய்த ஆய்வொன்று எனக்கு மிகவும் பிடிக்கும். ஒயினுக்குப் பயன்படும் ஷிராஸ் வகையில், பழுத்து முடியும் நேரத்தில் கொடியில் இருக்கும்போதே சதையின் செல்கள் சாகத் தொடங்குகின்றன, சவ்வுகள் பிடிப்பை இழக்கின்றன, பழம் சுருங்குகிறது. அதே ஆய்வில் பார்த்த தாம்சன் சீட்லெஸ், நாம் சாப்பிடும் பச்சை விதையில்லாத் திராட்சை, கடைசிவரை உயிரோடு இருந்தது. கப்பலில் வாரக்கணக்கில் வந்தும் சாப்பாட்டுத் திராட்சை நறுக்கென்று கடிபடுவதில் இதற்கும் பங்கு இருக்கும் என்பது என் ஊகம், குளிர்பதனத்தின் பங்கு எப்படியும் பெரியது. ஆனால் பெட்டியைத் திறந்து ஒரு பழத்தைக் கடிக்கும்போது, இந்த வாக்குவோல்கள் இன்னும் பூட்டிய கதவோடு இருக்கின்றன என்று எனக்குத் தோன்றாத நாள் இல்லை.

வாங்கும்போது என்ன பார்ப்பது என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். வீட்டில் பழுக்காது என்பதால் கடையிலேயே தீர்மானித்துவிட வேண்டும். பச்சை வகையில் புல்லின் பச்சையைவிட லேசாக மஞ்சள் ஓடிய கொத்து பெரும்பாலும் இனிப்பாக இருக்கும், ஷைன் மஸ்கட் மாதிரி வகைகளிலும் இது பொருந்தும். காம்பு பச்சையாக இருந்தால் பறித்து அதிக நாள் ஆகவில்லை அல்லது குளிர் விடாமல் வந்திருக்கிறது என்று அர்த்தம், அது புத்துணர்ச்சிக்கு அடையாளமே தவிர இனிப்புக்கு அல்ல. தோலின் மேலிருக்கும் வெள்ளைப் பூச்சு பழத்தின் சொந்த மெழுகு, மருந்து என்று பயந்து ஒதுக்கவேண்டாம், சாப்பிடும் முன் கழுவினால் போதும். கடைக்காரர் அனுமதித்தால் கொத்தின் நுனியில் இருக்கும் பழத்தைச் சுவைத்துப் பாருங்கள், பெரும்பாலும் கடைசியாக இனிப்பேறுவது அந்த நுனிதான். அது இனித்தால் மற்றதும் இனிக்கும்.

மகளுக்குப் பரீட்சையில் இந்த அளவுக்குக் கேட்கமாட்டார்கள். வாக்குவோலின் வேலை என்ன என்று வந்தால், சர்க்கரை, அமிலம், நிறமி ஆகியவற்றைச் சேமிப்பது, செல்லின் விறைப்பைக் காப்பது என்று எழுதி, திராட்சையை உதாரணமாகச் சேர்த்தால் போதுமானது. மீதமிருக்கும் அந்த அரை கிலோ புளித்த திராட்சையைத் தூக்கிப் போடாதீர்கள், ஊறுகாய் போட அதைவிட நல்ல காய் கிடையாது. இரண்டாக நறுக்கிக் கல்லுப்புப் போட்டுக் குலுக்கி வையுங்கள். அரை மணி நேரத்தில் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் நிற்கும், உப்பு இழுத்ததில் வாக்குவோல்களிலிருந்து வெளியே வந்தது அது. மகளையும் கூப்பிட்டு அதைக் காட்டிவிட்டு, பிறகு மிளகாய்த்தூளும் வெந்தயப்பொடியும் நல்லெண்ணெயும் சேருங்கள்.